வீட்டோடு ஒரு கோடை விடுமுறை

(திண்டிவனத்தில் உழவர்களிடையே உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டாயிற்று. இனி எங்கு போனாலும் ஒரே கேள்விதான். தேநீர்க் கடையில் கேட்கிறார்கள், பேருந்தில் கேட்கிறார்கள், முடி வெட்டும் இடத்தில் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்கள்: "லீவுக்கு எங்கே போறீங்க சார்?" எங்கும் போகவில்லை என்று சொன்னால், வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று எண்ணிக்கொண்டு, "எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று இரக்கத்தோடு விசாரிக்கிறார்கள். ஆகவே, வீட்டோடு இருந்து விடுமுறையைக் கழிப்பது எப்படி என்பதைப் பற்றியே இன்று பேசலாம் என்று வந்திருக்கிறேன். உழவியல் சொல்லிக் கொடுப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது, கேளுங்கள்.

ஊர் விட்டு ஊர் போகிறவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள் நாம். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் நெடுஞ்சாலை திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் தொட்டுக்கொண்டு போகிறது. விழுப்புரம் சந்திப்பிலிருந்து ஐந்து திசைகளில் ரயில் பாதை பிரிகிறது. தொடர்ந்து நான்கு நாள் விடுமுறை வந்தால் விக்கிரவாண்டிச் சுங்கச் சாவடியில் கார்கள் எறும்பு வரிசையாக நிற்கின்றன. ஊரெல்லாம் நம் வழியாகத்தான் உல்லாசப் பயணம் போகிறது. நாம் மாட்டைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடக்கக் காத்து நிற்கிறோம்.

நம் ஊரிலிருந்து அதிகம் பயணம் போனது நிலக்கடலைதான். இங்குள்ள எண்ணெய் வித்துக்கள் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட இரகங்களுக்குத் திண்டிவனத்தின் பெயரையே சுருக்கி டி.எம்.வி. என்று வைத்தார்கள். அவற்றுள் டி.எம்.வி. 2 என்ற கொத்துக் கடலை ஆந்திரம், கருநாடகம் என்று சுற்றி, போன இடமெல்லாம் பெயர் வாங்கியது. கடலைக்குக் கிடைத்த வாய்ப்பு கடலை போட்டவருக்குக் கிடைக்கவில்லை.

வீட்டோடு விடுமுறையைக் கழிப்பதற்கு ஆங்கிலத்தில் இப்போது ஒரு பெயரும் உண்டு. தங்குவதைக் குறிக்கும் 'ஸ்டே' என்ற சொல்லையும், விடுமுறையைக் குறிக்கும் 'வெகேஷன்' என்ற சொல்லையும் மாஞ்செடிக்கு ஒட்டுக் கட்டுவதுபோல் சேர்த்துக் கட்டி 'ஸ்டேகேஷன்' என்கிறார்கள். 2008ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பெட்ரோல் விலை ஏறி, வங்கிகளும் ஆட்டம் கண்டபோது, வெளியூர் போக முடியாத குடும்பங்களிடையே இந்தச் சொல் பரவியது. நாம் இதைப் பாட்டன் பூட்டன் காலம் முதல் செய்து வருகிறோம். அதற்கொரு பெயர் வைக்கத்தான் நமக்கு நேரம் கிடைக்கவில்லை. மாடு விடவில்லை.

மாடு வைத்திருப்பவரின் நிலை உங்களுக்குத் தெரியும். விடியற்காலையில் ஒரு கறவை, மாலையில் ஒரு கறவை. கோடையில் ஒரு கலப்பினப் பசு நாளொன்றுக்கு 60 லிட்டர் தண்ணீருக்கு மேலும் குடிக்கும். ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னால் அதற்குப் புரியாது. பேருந்துக்கு முன்பதிவு செய்துவிட்டேன் என்றாலும் புரியாது. வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் சென்னை மாகாண அரசே கோடையில் உதகமண்டலத்துக்குக் குடிபெயர்ந்துவிடும். வெயில் தாங்கவில்லை என்று கவர்னரும் மலை ஏறினார், அவருடைய கோப்புகளும் மலை ஏறின. வரி கட்டியவர் மட்டும் கீழேயே இருந்தார். அவரிடம்தான் மாடு இருந்தது.

இனி என் கதைக்கு வருகிறேன். எங்களுக்கு மயிலத்துக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. 2024ஆம் ஆண்டு மே மாதம், பிள்ளைகளின் நச்சரிப்புத் தாங்காமல் குடும்பத்தோடு உதகைக்குப் புறப்பட்டேன். உயர் நீதிமன்ற உத்தரவின்படி, உதகைக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வண்டிகள் இணையத்தில் பதிவு செய்து 'இ-பாஸ்' பெற வேண்டும் என்ற முறை அந்த மே 7 முதல்தான் வந்திருந்தது. பாஸ் வாங்கினேன். என் சொந்த வயலுக்குப் போக எந்தப் பாஸும் தேவையில்லை. ஆனால் அங்கே போகத்தான் எனக்கு அந்த மாதம் நேரமில்லை.

உதகையில் எல்லாரும் பூக்களைப் பார்த்தார்கள். நான் மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய உருளைக்கிழங்கு வயலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "நிலத்தைப் பார்க்கவாங்க இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றார் என் மனைவி.

இரண்டாம் நாள் இரவு அப்பா தொலைபேசியில் கூப்பிட்டார். "தம்பி, இங்கே நல்ல மழைப்பா. உழவு மழை. டிராக்டர்க்காரர் நாளைக்கு வரேங்கிறார். என்ன சொல்லட்டும்?" அப்பாவுக்கு அப்போதுதான் கண்ணில் அறுவைச் சிகிச்சை முடிந்திருந்தது, வெயிலில் வயலுக்குப் போகக் கூடாது. உழவு வேலையை நான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தேன். "வந்து பார்த்துக்கலாம்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் திரும்பி வந்தபோது மண் காய்ந்து இறுகிவிட்டது. டிராக்டர் வேறு ஊருக்குப் போய்விட்டது. கோடை உழவு நின்றே போயிற்று. பிறகு ஆடிப் பட்டத்தில் அவசர அவசரமாக ஓர் உழவு ஓட்டிக் கடலை விதைத்தோம். பயிர் முளைத்துத் தலைகாட்டியதும் சிவப்புக் கம்பளிப்புழு வந்தது.

இந்தப் புழுவைப் பற்றி நான் வகுப்பில் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறேன். முந்திய பருவத்துப் புழுக்கள் வரப்போரத்திலும் மர நிழலிலும் மண்ணுக்குள் புகுந்து கூட்டுப் புழுவாக மாதக் கணக்கில் உறங்கும். பருவ மழை பெய்து மண் நனைந்ததும் அந்துப் பூச்சியாக வெளிவந்து முட்டையிடும். கோடையில் உழுதால் கூட்டுப் புழுக்கள் மேலே வந்து வெயிலில் காயும். காக்கையும் மைனாவும் கொக்கும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். என் நிலத்தில் அவை எந்தத் தொந்தரவும் இல்லாமல் தூங்கின. நான் குளிரில் விடுமுறை கொண்டாடினேன். அவை மண்ணுக்குள் கொண்டாடின.

நட்டம் என்னோடு நிற்கவில்லை. வளர்ந்த கம்பளிப்புழு ஒரு வயலைத் தின்று முடித்ததும் கூட்டமாக அடுத்த வயலுக்கு ஊர்ந்து போகும். பக்கத்து நிலத்துப் பெரியவர் மழை பெய்த மறுநாளே உழுது, எல்லாவற்றையும் முறைப்படி செய்திருந்தார். என் வயலிலிருந்து போன புழுக்கள் அவர் கடலையையும் கடித்தன. அவர் என்னைத் திட்டவில்லை. வரப்பில் நின்று, "ஏன் தம்பி, ஊட்டியில நல்லா குளிரா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். கோடை உழவைப் பற்றி அதற்குப் பிறகு எந்த வகுப்பில் பேசினாலும் அந்தக் கேள்விதான் என் காதில் விழுகிறது.

எனவே 2025ஆம் ஆண்டு கோடையில் எங்கும் போவதில்லை என்று வீட்டில் அறிவித்தேன். செய்தி உறவினர்களிடையே பரவியது. "எங்கும் போகலியாமே அண்ணே" என்று சொல்லிக்கொண்டு சென்னையிலிருந்து என் சித்தப்பா மகன் மனைவி மக்களோடு வந்து இறங்கினான். வீட்டோடு இருப்பதில் உள்ள முதல் ஆபத்து இது. நாம் எங்கும் போகாவிட்டால், நம் வீடே மற்றவர்களுக்குக் கோடை வாசஸ்தலம் ஆகிவிடும்.

ஆயினும் வந்தவர்களால் நன்மையும் உண்டு. அந்தக் கோடையில் நாங்கள் நான்கு வேலைகளை முடித்தோம். நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, மண் மாதிரி எடுத்தல். நிலத்தில் 10 முதல் 15 இடங்களில் மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, ஆங்கில 'வி' எழுத்து வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டி, குழியின் சரிவான பக்கத்தை மேலிருந்து கீழ்வரை ஒரே கனமாகச் சீவி எடுக்க வேண்டும். வரப்போரம், மர நிழல், எருக்குப்பை கிடந்த இடம் ஆகியவை கூடாது. எடுத்த மண்ணை நிழலில் உலர்த்தி, நன்கு கலந்து, வட்டமாகப் பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பகுதிகள் இரண்டை நீக்க வேண்டும். அரைக் கிலோ மிஞ்சும் வரை இவ்வாறு செய்து, மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். சென்னைப் பிள்ளைகளுக்குக் குழி வெட்டுவது விளையாட்டாகிவிட்டது. 15 குழி போதும் என்றேன்; 23 வெட்டிவிட்டார்கள்.

இரண்டாவது, கோடை உழவு. மழை பெய்து நிலம் பதமாக இருக்கும்போதே, சரிவுக்குக் குறுக்கே உழ வேண்டும். மழை நீர் ஓடாமல் மண்ணில் இறங்கும். கோரைக் கிழங்கும் அருகும் மேலே வந்து காயும். கூட்டுப் புழுவின் தூக்கமும் கலையும். அடி மண் இறுகிய நிலமானால், மூன்று ஆண்டுக்கு ஒரு முறை அரை மீட்டர் இடைவெளியில் உளிக் கலப்பை ஓட்டலாம். ஒருவர் மட்டும் உழுது பயனில்லை என்பதை என் பக்கத்து நிலத்துக்காரர் உங்களுக்குச் சொல்வார். அக்கம்பக்கத்தார் அனைவரும் சேர்ந்து உழ வேண்டும்.

மூன்றாவது, வண்டல். ஏரி வறண்டு கிடக்கும் இந்த நாட்களில் வட்டாட்சியரிடம் அனுமதி பெற்று வண்டல் மண் எடுத்து அடிக்கலாம். மணற்பாங்கான நம் செம்மண் நிலத்தில் அது நீரைப் பிடித்து வைக்கும்.

நான்காவது, விதைச் சோதனை. கடலையைக் காயாகவே வைத்திருந்து, விதைக்கும் சமயத்தில்தான் உடைக்க வேண்டும். மாதிரிக்குச் சில காய்களை உடைத்து, 100 பருப்பை எண்ணி எடுத்து, ஈரச் சாக்கில் பரப்பிச் சுருட்டி, காயாமல் தண்ணீர் தெளித்து வாருங்கள். பத்து நாளில் 70க்குக் குறையாமல் முளைத்தால் அந்த விதையை நம்பலாம். குறைந்தால் வேறு விதை தேட இன்னும் நாள் இருக்கிறது. விதைக்கிற அன்று தெரிந்து என்ன பயன்?

இவ்வாறு பத்து நாள் போயிற்று. எனக்கு ஒரே பெருமை. ஒருநாள் சாப்பிடும்போது, "பார்த்தாயா, செலவில்லாமல் எவ்வளவு நல்ல விடுமுறை!" என்றேன். என் மனைவி குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னார்: "உங்களுக்கு லீவு. பிள்ளைங்களுக்கு லீவு. உங்க தம்பி குடும்பத்துக்கு லீவு. அடுப்புக்கு எப்போங்க லீவு?"

எனக்குப் பதில் வரவில்லை. வீட்டோடு விடுமுறை என்று நான் சொன்னதெல்லாம் அவருக்குக் கூடுதல் வேலையாகவே முடிந்திருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை முறை தேநீர் கேட்டேன் என்று அன்று எண்ணிப் பார்த்தேன். அந்த எண்ணிக்கையை இங்கே சொல்ல எனக்குத் துணிவில்லை. மாட்டுக்கு விடுமுறை இல்லை என்று இவ்வளவு நேரம் பேசினேனே, வீட்டில் விடுமுறையே இல்லாமல் வேலை செய்த இன்னொருவரை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. இங்கே முன்வரிசையில் இருக்கும் தாய்மார்கள் சிரிப்பதைப் பார்த்தால், இந்தத் தவறு என்னோடு நின்றதாகத் தெரியவில்லை.

மறுநாள் அடுப்பை மூடினோம். மாட்டைப் பக்கத்து வீட்டார் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பதிலாக இன்னொரு நாள் அவர்கள் மாட்டை நாங்கள் பார்த்துக்கொள்வதாக ஒப்பந்தம். புதிய கைக்குப் பசு பழகட்டும் என்று முதல் நாள் மாலையே அவர்களை வரச் சொல்லிக் கறக்க வைத்தோம். விடியலில் புறப்பட்டு, வெயில் ஏறுவதற்குள் செஞ்சிக் கோட்டையில் இருந்தோம். அப்போது அதற்கு உலகப் பெருமை இன்னும் வரவில்லை. 2025 ஜூலையில்தான் மராட்டியர் காலத்துக் கோட்டைகள் 12ஐ உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. அவற்றுள் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றே. நாங்கள் யுனெஸ்கோவுக்கு இரண்டு மாதம் முந்திக்கொண்டோம்.

நம் மாவட்டத்தில் வெளியே போகாமல் வீட்டோடு இருந்தவர்களில் முதலிடம் சிவாஜியின் மகன் இராசாராமுக்குத்தான் கொடுக்க வேண்டும். முகலாயப் படை 1690இல் முற்றுகையிட்ட செஞ்சிக் கோட்டை 1698இல்தான் விழுந்தது. அதற்கு முன்பே அவர் தப்பிப் போய்விட்டார். அத்தனை ஆண்டுகள் எப்படித் தாக்குப் பிடித்தார்கள் என்று சித்தப்பா பேரன் கேட்டான். மதிலையும் மலையையும் காட்டினேன். கூடவே களஞ்சியத்தையும் குளங்களையும் காட்டினேன். தானியமும் தண்ணீரும் கையில் இல்லாமல் எவரும் வீட்டோடு இருக்க முடியாது. அது கோட்டைக்கும் பொருந்தும், நம் வீட்டுக்கும் பொருந்தும்.

திரும்பும் வழியில் மண்டகப்பட்டுக் குடைவரையைப் பார்த்தோம். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி மகேந்திரவர்மப் பல்லவன் 7ஆம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து அமைத்த கோயில் அது. திருவக்கரைக் கல்மரங்களை அடுத்த முறைக்கு வைத்துக்கொண்டோம். சுமார் இரண்டு கோடி ஆண்டுகளாக அங்கேயே கிடக்கும் மரங்கள் இன்னும் ஓராண்டு காத்திருக்கும். சாப்பாடு வழியில் ஓர் உணவகத்தில். உதகைப் பயணத்தில் ஒரு வேளைக்கு ஆன செலவில் அன்று நாள் முழுவதும் முடிந்தது. வீடு திரும்பியதும் தேநீர் போட்டது நான். நன்றாக இருந்தது என்று யாரும் சொல்லவில்லை; ஆனாலும் எல்லாரும் குடித்தார்கள்.

உழவர் பெருமக்களே, வெளியூர் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தாராளமாகப் போங்கள். ஆனால் போகுமுன், "உழவு மழை பெய்தால் என்னைக் கேட்க வேண்டாம், உழுதுவிடுங்கள்" என்று டிராக்டர்க்காரரிடம் சொல்லி, பணத்தையும் கொடுத்துவிட்டுப் போங்கள். நிலத்தைக் காட்ட ஓர் ஆளையும் ஏற்பாடு செய்யுங்கள். வீட்டோடு இருப்பதானால், அடுப்புக்கு எந்த நாள் விடுமுறை என்பதை முதலிலேயே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். மண் பரிசோதனை, விதை ஆகியவை பற்றிய ஐயங்களுக்குத் திண்டிவனம் வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையோ அணுகுங்கள்.

உதகை எங்கும் ஓடிவிடாது. மழை ஈரம் நான்கே நாளில் ஓடிவிடும். இந்த ஆண்டு அந்த நான்கு நாளும் நான் ஊரில்தான் இருப்பேன். பக்கத்து நிலத்துப் பெரியவருக்கும் சொல்லிவிட்டேன்.