நகரத்தில் நமக்கொரு முகவரி

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நம் கல்விச் சங்கம் 25 ஆண்டுகளை நிறைவு செய்திருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதும், இடையில் நின்றுவிடாமல் காப்பதும், கல்லூரி வாயில் வரை அழைத்துச் செல்வதுமே இதுகாறும் நம் முதற்பணியாக இருந்தன. இன்று நம் பட்டதாரிகள் வேலை தேடிச் சென்னைக்குச் செல்கின்றனர். கையில் சான்றிதழ் இருக்கிறது. தலை சாய்க்க இடமில்லை. பெற்ற படிப்பு பயன் தருவதும் வீணாவதும் பல வேளைகளில் ஓர் அறை கிடைப்பதைப் பொறுத்ததாகிவிடுகிறது. ஆகவே பெருநகரக் குடியிருப்பைப் பற்றி இன்று சிந்திக்க விழைகிறோம்.

நகரத்தில் வாடகை என்பது சுவருக்கும் கூரைக்கும் மட்டும் தரும் விலை அன்று. அடையாற்றில் ஒரு வாடகை. அதே அளவுள்ள வீட்டிற்கு வியாசர்பாடியில் வேறொரு வாடகை. அருகிலுள்ள பள்ளி, மருத்துவமனை, இரயில் நிலையம், வெள்ளம் தேங்காத தெரு ஆகிய அனைத்தும் அந்த வாடகைக்குள் அடங்கியிருக்கின்றன. ஒருவருடைய வருவாய் அவருடைய தெருவை முடிவு செய்கிறது. அந்தத் தெரு அவர் பிள்ளையின் பள்ளியை முடிவு செய்கிறது. அந்தப் பள்ளி அப்பிள்ளையின் நாளைய வருவாயை முடிவு செய்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கியது. அந்த இடமும் பள்ளிக்கு அண்மையில் வாழும் பிள்ளைகளுக்கே உரியது. நல்ல பள்ளியின் அருகே குடியிருக்க வழியில்லாதவருக்கு அந்த உரிமை ஏட்டளவில் நின்றுவிடுகிறது.

சென்னையின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டும். ஆலைகளிலும் துறைமுகத்திலும் இரயில்வேயிலும் உழைத்த நம் முன்னோர், வேலைத்தலத்திற்கு நடந்து செல்லும் தொலைவில் குடிசை அமைத்து வாழ்ந்தனர். 1970இல் குடிசை மாற்று வாரியம் தோன்றியது. 1971இல் அதற்கான சட்டம் இயற்றப்பட்டது. தொடக்கத்தில் குடிசைகள் இருந்த இடங்களிலேயே அடுக்குமாடி வீடுகள் பல எழுந்தன. அறைகள் சிறியனவாயினும் வேலையும் பள்ளியும் உறவும் கைவிட்டுப் போகவில்லை. பின்னர் நகர நிலத்தின் மதிப்பு ஏறியது; கொள்கையும் மாறியது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் எனக் குடியிருப்புகள் நகரின் எல்லைக்குச் சென்றன. 2015ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திற்குப் பின் ஆற்றங்கரைகளில் வாழ்ந்த குடும்பங்கள் பெருந்தொகையாய்ப் பெரும்பாக்கத்திற்கு அனுப்பப்பட்டன. 2021இல் அவ்வாரியம் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

வீடு கிடைத்தது, இடம் பறிபோனது. நகரின் நடுவே இருந்து 20 கிலோமீட்டருக்கும் அப்பால் சென்ற குடும்பத்தில், வீட்டுவேலை செய்து வந்த தாய் தன் பழைய வேலைக்கு எப்படிச் செல்வாள்? 2021 முதல் நகரின் சாதாரணப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லை என்பது பெரிய உதவியே. எனினும் பணம் மிஞ்சினாலும் போகவும் வரவும் செலவாகும் மணிகள் மிஞ்சுவதில்லை. நடைபாதைவாசிகள் தொடுத்த வழக்கில் 1985ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், வாழ்வாதாரம் வாழும் உரிமையின் ஒரு பகுதியே என்று கூறியது. ஏழைகள் வேலைக்கு அருகிலேயே வாழ வேண்டியுள்ளது என்பதையும் அத்தீர்ப்பு ஏற்றது. ஆயினும் முறையாக அறிவிப்புக் கொடுத்து அகற்றுவதை அது தடுக்கவில்லை.

பணம் இருந்தால் இத்துன்பம் தீருமா? நம்மைப் பொறுத்தவரை அதுவும் உறுதியன்று. அமெரிக்காவிலும் இலண்டனிலும் பயின்று திரும்பிய அண்ணல் அம்பேத்கர், 1917இல் பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார். வாடகை கொடுக்க அவரால் இயலும். வீடு கொடுக்கத்தான் எவரும் இல்லை. பார்சி விடுதி ஒன்றில் வேறு பெயரில் தங்கினார். உண்மை தெரிந்ததும் தடிகளோடு வந்தவர்கள் அவரை வெளியேறச் சொன்னார்கள். நூறாண்டு கடந்த பின்னும் நிலை முற்றும் மாறிவிடவில்லை. பேராசிரியர் சுக்தேவ் தோரட்டும் அவர்தம் குழுவினரும் டில்லி வட்டாரத்தில் வாடகை வீடு தேடிப் பார்த்து நடத்திய ஆய்வு 2015இல் வெளிவந்தது. தலித்துகளும் முஸ்லிம்களும் பெயரைக் கொண்டே மறுக்கப்பட்டதையும், கூடுதல் நிபந்தனைகளுக்கு ஆளானதையும் அது எடுத்துக்காட்டியது. "என்ன ஆட்கள் நீங்கள்?" என்னும் கேள்வியின் பொருள் நாம் அறியாததா?

இனி நாம் செய்யத்தக்கது யாது? நகரில் முதல் தடை முன்பணம். மாத வாடகை 8,000 ரூபாய் என்று கொள்வோம். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. அதன்படி 80,000 ரூபாய் வேண்டும். 2017இல் இயற்றப்பட்டு 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், இருதரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டாலன்றி மூன்று மாத வாடகைக்கு மேல் பெறலாகாது என்கிறது. வீடின்றி நிற்பவன் எதற்கும் ஒப்புக்கொள்வான் என்பதே இதிலுள்ள சிக்கல். எனினும் சட்டத்தை அறிந்து பேசுபவனுக்கும் அறியாமல் தலையாட்டுபவனுக்கும் வேறுபாடு உண்டு. ஒப்பந்தத்தை எழுத்தில் பெறுங்கள்; அதைப் பதிவு செய்யுமாறு கேளுங்கள்.

முன்பணம் செலவாகிவிடும் பணம் அன்று. வீட்டைக் காலி செய்யும்போது திரும்பி வரும் பணம். ஆகையால் அதற்கென நம் சங்கம் ஒரு சுழல்நிதி அமைக்கலாம். 80,000 ரூபாய் வீதம் ஐந்து வீடுகளுக்கு 4 இலட்சம் ரூபாய் போதும். வீட்டிற்கு நால்வர் எனில் 20 இளைஞர்களுக்கு இடம் கிடைக்கும். வேலை கிடைத்தவர் மாதந்தோறும் சிறிது சிறிதாகத் திருப்பிச் செலுத்தினால் அதே தொகை அடுத்த அணிக்குப் பயன்படும். பெண்பிள்ளைகளுக்கு முதலிடம் தரவேண்டும். பாதுகாப்பான அறை இல்லை என்பதனாலேயே ஊரோடு நின்றுவிட்ட பெண் பட்டதாரிகள் நம்மிடையே உண்டு.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கல்வியால் நம்முள்ளும் வசதி பெற்றோர், பெறாதோர் என்னும் பிரிவு தோன்றியிருக்கிறது. நகரில் சொந்த வீடு கட்டியவர்களும், வாடகைக்கு விடும் நிலைக்கு உயர்ந்தவர்களும் நம் உறுப்பினரில் உள்ளனர். அவர்கள் உயர்ந்தது நமக்குப் பெருமையே. ஆயினும் ஊரிலிருந்து வரும் பிள்ளையை அக்கம்பக்கத்தார் பார்த்துவிடுவார்களோ என்று அவர்கள் அஞ்சினால், நம்மை வெளியே நிறுத்திய அதே கதவை நாமே உள்ளிருந்து தாழிட்டவராவோம். ஒரு மாதம் தங்க ஓர் இடம், வீட்டு உரிமையாளரிடம் ஓர் அறிமுகச் சொல் ஆகியவற்றையே அவர்களிடம் வேண்டுகிறோம்.

இளைஞர்களே, முகவரியை மறைக்காதீர்கள். கண்ணகி நகர் என்று சொன்னாலே வேலை மறுக்கப்படுகிறது என அப்பகுதி இளைஞர்கள் நெடுங்காலமாக வருந்தி வந்தனர். 2025ஆம் ஆண்டு பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இடம்பெற்றிருந்தார். அன்று நாடே அந்த முகவரியைப் பெருமையோடு உச்சரித்தது. எல்லோரும் பதக்கம் வென்ற பிறகுதான் மதிக்கப்பட வேண்டும் என்பதில்லை. உழைத்து வாழும் எவருக்கும், தாம் உழைக்கும் நகரத்தில் மதிப்போடு வாழ ஓர் இடம் உண்டு. அந்த உரிமையைப் பெறுவதை அடுத்த 25 ஆண்டுகளின் பணியாகக் கொள்வோம். சுழல்நிதிக்கான தீர்மானத்தை இவ்விழாவிலேயே நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவை வேண்டி அமைகிறோம்.