சக்கரத்தை நேராக்கும் முன் மூட்டைப் பாருங்கள்



'அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது' என்பது முன்னோர் வாக்கு. பண்டமாரானில் தாத்தா விட்டுச்சென்ற மோரிஸ் மைனரை மெருகேற்றி, ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுக்கும் பேரனுக்கும் அது பொருந்தும். துறைமுகச் சாலையில் கொள்கலன் லோரி பக்கத்தில் உறுமிக்கொண்டு வரும்போது, கார் திடீரென ஒரு பக்கம் இழுத்தால் புது பெயிண்ட் காப்பாற்றுமா?

இழுக்கிறது என்றதும் எல்லோரும் சொல்லும் மருந்து அலைன்மெண்ட். மருந்து சரிதான். ஆனால் நோயைப் பார்த்த பிறகே மருந்து கொடுக்க வேண்டும். நம் சாலைகள் தண்ணீர் வடிவதற்காக இடது ஓரம் சற்றுச் சரிந்திருக்கும். கார் மெல்ல இடப்பக்கம் போனால் அது சாலையின் குணமாகவும் இருக்கலாம். முதலில் டயரின் காற்றைச் சரிபாருங்கள். சமதளமான இடத்தில் ஓட்டிப் பாருங்கள்.

அடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து நிறுத்துங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் குறை பேரிங்கில். நிற்காவிட்டால் மூட்டில். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராட் முனைகளின் தேய்மானம் தெரியும்.

1948-ல் அறிமுகமான மோரிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் மினி காரைத் தந்தவரும் அவரே. மைனரின் திருப்பம் லாவகமானது என்று பெயர் பெற்றது. ஆனால் அதற்கு ஒரு பலவீனம் உண்டு. முன்சக்கரத்தின் கீழ் மூட்டு மரையில் சுழல்வது. கிரீஸ் காய்ந்தால் மரை தேயும். தேய்ந்து கழன்றால் சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். அந்த மூட்டோடு எந்த அலைன்மெண்ட் செய்தாலும், அது ஆடும் பல்லுக்கு வெள்ளி பூசுவது போலத்தான். முன்பக்கத்தைத் தூக்கிவைத்துக் கிரீஸ் அடித்தால் அது மரைக்குள் நன்றாக இறங்கும்.

மூட்டு உறுதியான பிறகே அளவு. மைனரில் எளிதாகத் திருத்தக்கூடியது ஒன்றுதான்: டோ-இன். அதாவது இரு முன்சக்கரங்களின் முன்விளிம்பு இடைவெளி, பின்விளிம்பு இடைவெளியைவிடச் சற்றுக் குறைவாக இருப்பது. தொழிற்சாலைக் கணக்கு ஓர் அங்குலத்தில் 32-ல் 3 பங்கு, ஏறக்குறைய 2.4 மில்லிமீட்டர். ஓடும்போது சக்கரங்கள் வெளிப்பக்கம் விரியப் பார்க்கும். அப்போது அவை நேராக நிற்கவே இந்த ஏற்பாடு. கூடினால் டயரின் வெளிவிளிம்பு தேயும். குறைந்து எதிர்ப்பக்கம் போனால் உள்விளிம்பு தேயும், காரும் அலையும். அந்தக் கணக்கு பழைய குறுக்கிழை டயருக்கு உரியது. ரேடியல் போட்டவர்கள் பலர் அதைவிடக் குறைத்தே வைக்கிறார்கள்.

அளக்க மெஷின்தான் வேண்டும் என்பதில்லை. ஸ்டீரிங்கை நேராக வைத்து, காரைச் சற்று முன்னே தள்ளி நிறுத்துங்கள். இரு டயர்களின் முன்பக்கத்தில், அச்சு உயரத்தில் சுண்ணாம்புக் கட்டியால் குறியிட்டு அளங்கள். பிறகு அதே குறிகள் பின்பக்கம் வரும்வரை காரை முன்னே தள்ளி மீண்டும் அளங்கள். ஒரே குறியை இருமுறை அளப்பதால் ரிம்மின் நெளிவு கணக்கைக் கெடுக்காது. திருத்தும்போது இரு டை ராடுகளையும் சமமாகத் திருப்ப வேண்டும். ஒன்றை மட்டும் திருப்பினால் ஸ்டீரிங் கோணலாக நிற்கும்.

புஸ்பாகோம் சோதனையில் சக்கரம் பக்கவாட்டில் எவ்வளவு நழுவுகிறது என்பதை ஒரு தட்டின்மேல் ஓட்டிப் பார்க்கிறார்கள். தட்டு விலகலைச் சொல்லும். காரணத்தைச் சொல்லாது. காரணத்தைத் தேடுவது உரிமையாளரின் கடமை.

ஆகவே நேயர்களே, பட்டறைக்குப் போனதும் "அலைன்மெண்ட் செய்யுங்கள்" என்று சொல்லாதீர்கள். "முதலில் மூட்டைப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். தாத்தாவின் காரில் பேரப்பிள்ளைகளும் ஏறுகிறார்கள்.