பூச்சி தின்கிற செடியை நான் ஊட்டி ஊட்டிக் கொன்ற கதை

(எபிசோடில் பேசியதைப் படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் தந்திருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு வாக்குமூலம். நான் ஒரு கொலை பண்ணியிருக்கேன். செத்தது ஒரு வீனஸ் ஃப்ளைட்ராப்.

ஸ்கூல் சயின்ஸ் புத்தகத்துல ‘பூச்சி உண்ணும் தாவரங்கள்’னு ஒரு பாடம் வருமே, ஞாபகம் இருக்கா? நெப்பந்தஸ், ட்ரோசீரான்னு பேரை மனப்பாடம் பண்ணி ரெண்டு மார்க் வாங்கினோம். அதுல ஒண்ணு நிஜமாவே ஆன்லைன்ல விற்குதுன்னு தெரிஞ்சதும் உடனே ஆர்டர் போட்டுட்டேன். வேளச்சேரியில எங்க வீட்டு பால்கனிக்கு ஒரு ஜூன் மாசம் வந்து சேர்ந்தது. உள்ளங்கை அளவு செடி, பச்சை வாய், உள்ளே சிவப்பு.

அம்மா பார்த்ததும், “ஏண்டி, வீட்ல வெக்க வேற செடியே கிடைக்கலையா?”ன்னு கேட்டாங்க. ஆனா ரெண்டே நாள்ல அதுக்குத் தினமும் அரிசி கழுவின தண்ணி ஊத்த ஆரம்பிச்சது அவங்கதான். நான் என் பங்குக்கு மண்புழு உரம் போட்டேன். ஒரு ஞாயித்துக்கிழமை சின்னதா ஒரு சிக்கன் துண்டும் கொடுத்தேன். வீட்டுக்கு வந்தவங்க எல்லாரும் விரலை விட்டு, “ஐ, மூடுது!”ன்னு வீடியோ எடுத்தாங்க. அந்தச் செடிக்குக் கிடைத்த கவனிப்பு வீட்டில் வேற யாருக்கும் கிடைக்கலை. ஆகஸ்ட்ல முழுசா கருத்துப் போச்சு.

அப்புறம்தான் உட்கார்ந்து படிச்சேன். என்ன தப்பு பண்ணினோம்?

வீனஸ் ஃப்ளைட்ராப்புக்குச் சொந்த ஊர் உலகத்திலேயே ஒரே ஒரு சின்னப் பகுதிதான். அமெரிக்காவின் வட கரோலினா, தென் கரோலினா மாநிலங்களில், வில்மிங்டன் என்ற ஊரைச் சுற்றியுள்ள ஈர நிலங்கள். அந்த மண்ணில் நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற சத்துகள் மிகக் குறைவு. அதனால்தான் இந்தச் செடி பூச்சியிடம் போனது. மற்ற செடிகளைப் போலவே இதுவும் வெயிலை வைத்துத்தான் தன் சாப்பாட்டைத் தயாரிக்கிறது. பூச்சி அதுக்கு சத்து மாத்திரை மாதிரி. சத்தில்லாத மண்ணுக்கே பழகின வேர் என்பதால், உரமும் உப்புத் தண்ணியும் அதைக் கருக்கிவிடும். நாங்க ஆசையா ஊத்தினது எல்லாமே அதுக்கு விஷம்.

சரி, விரல் விடறதுல என்ன தப்பு? அந்த வாய்க்குள்ள ஒவ்வொரு பக்கமும் பொதுவா மூணு மெல்லிய முடி இருக்கும். சுமார் 20 வினாடிக்குள் ரெண்டு தடவை முடி தொடப்பட்டால்தான் பொறி மூடும். மழைத்துளிக்கோ சருகுக்கோ சும்மா மூடி ஏமாறாமல் இருக்க இந்த ஏற்பாடு. மூடின பிறகும் பூச்சி துடித்து முடிகளைத் தொட்டுக்கொண்டே இருந்தால்தான் செரிமான நீர் சுரக்கும். சிக்கன் துண்டு துடிக்குமா? அது உள்ளேயே அழுகி, பொறியையும் சேர்த்து அழுகவெச்சது. ஒவ்வொரு பொறியும் சில தடவைதான் மூடித் திறக்கும், அதோட அதன் ஆயுள் முடிஞ்சது. நாங்க எடுத்த ஒவ்வொரு வீடியோவும் அந்தக் கணக்குல கழிஞ்சது.

இப்ப நீங்க வளர்க்கணும்னா என்ன செய்யணும்?

முதல் விஷயம் தண்ணி. நூத்துக்கு எண்பது செடி இதுலதான் சாகும்னு நான் அடிச்சுச் சொல்வேன், இது என் கணக்கு. டி.டி.எஸ். மீட்டர் ஒண்ணு வாங்குங்க. தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பு 50-க்குக் கீழே இருக்கணும். சென்னையில் பல இடங்களில் போர்வெல் தண்ணி சில நூறுகளைத் தாண்டும். ஆர்.ஓ. தண்ணி ஓகே, ஆனா சில மெஷின்கள் ருசிக்காக மினரலைத் திரும்பச் சேர்க்கும், அதனால அளந்து பார்த்துட்டு ஊத்துங்க. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு வாட்டரும் சரி, அதையும் அளந்துட்டு. எல்லாத்தையும் விட மழைத்தண்ணி பெஸ்ட். ஐப்பசி, கார்த்திகை மழையில மொட்டை மாடியில பக்கெட்டை வெச்சுடுங்க. பைப் வழியா வர்றதைப் பிடிக்காதீங்க, திறந்த வானத்துல இருந்து நேரா விழட்டும்.

ரெண்டாவது மண். தோட்ட மண், தொழு உரம், மண்புழு உரம் எதுவும் வேண்டாம். உரம் கலக்காத பீட் மாஸும் பெர்லைட்டும் போதும். தேங்காய் நார்க் கழிவுதான் கிடைக்குதுன்னா, நல்ல தண்ணியில பல தடவை அலசி உப்பை எடுத்துடுங்க.

மூணாவது சாப்பாடு. பால்கனியில இருந்தா அதுவே பிடிச்சுக்கும். ‘கொசுவை ஒழிக்குமா?’ன்னு நிறைய பேர் கேக்கறாங்க. ஒரு பூச்சியைச் செரிக்க ஒரு பொறிக்கு ஒரு வாரத்துக்கு மேலேயும் ஆகலாம். கொசுவுக்கு வலை அடிங்க, செடியை நம்பாதீங்க.

இனிமே சொல்றது விக்கிறவங்க சொல்லாதது. வீனஸ் ஃப்ளைட்ராப்புக்குக் குளிர்கால ஓய்வு வேணும், மூணு நாலு மாசம், சுமார் 10 டிகிரிக்குப் பக்கத்துல. சென்னையில மார்கழி ராத்திரிகூட 20-க்குக் கீழே அதிகமா இறங்காது. தூக்கமே இல்லாம அது வருஷத்துக்கு வருஷம் களைச்சுப் போகும். ஊட்டி, கொடைக்கானல்காரங்க தாராளமா வளர்க்கலாம். நாம வேற செடி பார்க்கலாம்.

நம்ம ஊருக்குக் குடுவைச் செடி சரியா வரும். நெப்பந்தஸ் வென்ட்ராட்டான்னு ஒரு கலப்பினம் இருக்கு, வெக்கையையும் ஈரக் காற்றையும் தாங்கும். காலை வெயில் போதும், சித்திரை வைகாசியில நிழல் வலை கட்டிடுங்க. மண் ஈரமா இருக்கணும், ஆனா தொட்டி தண்ணியில நிக்கக் கூடாது.

இன்னொண்ணு ட்ரோசீரா. இலை முழுக்கப் பனித்துளி மாதிரி பசை மின்னும், பூச்சி வந்து ஒட்டிக்கும். இதுல சில இனங்கள் தமிழ்நாட்டிலேயே காட்டுச் செடியா முளைக்குது. சித்த மருத்துவத்துல அழுகண்ணின்னு சொல்றது இதைத்தான்னு பலர் சொல்றாங்க. கண்ணீர் கோத்த செடி, எவ்வளவு சரியான பேரு!

கடைசியா ஒரு வேண்டுகோள். வாங்கறப்ப, ‘இது எங்க வளர்ந்தது?’ன்னு கேளுங்க. இந்தியாவின் ஒரே நெப்பந்தஸ் இனம், நெப்பந்தஸ் காசியானா, மேகாலயாவின் காரோ, காசி, ஜைந்தியா மலைகளில் வளர்கிறது. காரோ மொழியில் அதுக்குப் பேய்க் கூடைன்னு அர்த்தம் வர்ற பேரு. காட்டிலிருந்து பிடுங்கிப் பிடுங்கியே அது அழியும் நிலைக்கு வந்துவிட்டது. வட கரோலினாவிலும் இதே திருட்டுதான். 2014 முதல் அங்கே காட்டு ஃப்ளைட்ராப்பைத் திருடுவது சிறைத் தண்டனைக்குரிய பெரிய குற்றம். நர்சரியில் விதையிலோ திசு வளர்ப்பிலோ தயாரான செடியை மட்டும் வாங்குங்க. காட்டுல பார்த்தா போட்டோ எடுத்துட்டு வந்துடுங்க.

இப்ப எங்க பால்கனியில ஒரு வென்ட்ராட்டா தொங்குது. ஏழு குடுவை. பக்கத்துல அம்மா ஒரு பாட்டில் வெச்சிருக்காங்க, ‘மழைத்தண்ணி, யாரும் தொடாதே’ன்னு எழுதி. அரிசி கழுவின தண்ணி இப்ப கறிவேப்பிலைக்குப் போகுது. அது செம ஹேப்பி.

உங்க வீட்ல நீங்க அன்பால கொன்ன செடி எதுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.