நெய்த சட்டை நாடி பார்க்கிறது



திருச்சி உறையூரின் மெல்லிய பருத்தித் துணி கடல் கடந்து போன சரக்கு. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு, 'அர்கரு' என்னும் ஊரின் துணியைச் சொல்கிறது. அந்த ஊர் உறையூர்தான் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. 1960-களில் சென்னைப் பல்கலைக்கழகம் உறையூரில் அகழாய்வு செய்தபோது, செங்கல் கட்டிய சாயத்தொட்டியும் கிடைத்தது.

இன்று துணிக்கு ஒரு புது வேலை வந்திருக்கிறது. உடுத்தியவரின் இதயத்துடிப்பையும் மூச்சையும் அதுவே அளக்கிறது. இதில் முன்னோடி, சென்னைப் பல்கலைக்கழகத்தில் துணித் தொழில்நுட்பம் படித்து அமெரிக்கா சென்ற சுந்தரேசன் ஜெயராமன். போர்க்களத்தில் குண்டடி பட்ட வீரரின் நிலை, தொலைவில் இருக்கும் மருத்துவருக்கு உடனே தெரியவேண்டும் என்பது அமெரிக்கக் கடற்படையின் தேவை. அதற்காக 1996-இல் ஜார்ஜியா டெக் நிறுவனத்தில் அவருடைய குழு ஒரு சட்டையை உருவாக்கத் தொடங்கியது.

சட்டை முழுவதும் ஓர் ஒளியிழை சுற்றிச் சுற்றி ஓடும். குண்டு துளைத்தால் இழை அறும். ஒளி மறுமுனைக்கு வராது. அறுந்த இடமும் தெரிந்துவிடும். மின் கடத்தும் இழைகள், உடலில் ஒட்டிய உணரிகளின் செய்தியை இடுப்பிலுள்ள சிறு கருவிக்குக் கொண்டுசேர்க்கும். சிக்கல் எங்கே வந்தது தெரியுமா? கைக்குழியில். துணியை நெய்து, வெட்டி, தைத்தால் ஒளியிழை துண்டாகிவிடும். ஆகவே தறியையே மாற்றி, கைக்குழியிலும் வெட்டு விழாமல் சட்டையை ஒரே துணியாக நெய்தார்கள். மின்னணுவியல் தடுமாறிய இடத்தில் நெசவுதான் வழி கண்டது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஏறக்குறைய அதே காலத்தில், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ரெஹ்மி போஸ்ட், மேகி ஆர்த் இருவரும் துணியிலேயே மின்சுற்று அமைத்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது, இந்தியாவில் நெடுங்காலமாக நெய்யப்பட்டுவந்த உலோகப் பட்டு. பாவு, அதாவது நீளவாட்டு நூல், வெறும் பட்டு. குறுக்கே ஓடும் ஊடையில் மட்டும் மெல்லிய செம்புத் தகடு சுற்றிய இழை. அதனால் மின்சாரம் ஊடை வழியே மட்டும் ஓடும். நம் வெள்ளி ஜரிகையும் பட்டு நூலில் உலோகம் சுற்றியதுதானே!

இத்தகைய துணிகளில் இன்னும் தீராத தொல்லைகள் உண்டு. வெள்ளி பூசிய நூல் வியர்வையிலும் சலவையிலும் தேய்கிறது. வளைந்து வளைந்து உலோக இழை முறிகிறது. இழை எங்கே அறும், பாவு எவ்வளவு இழுவை தாங்கும் என்பது நெசவாளரின் விரல்களுக்குத் தெரிந்த விஷயம். உறையூரில் தறிகள் குறைந்துவிட்டன. அருகிலுள்ள துவாக்குடி என்.ஐ.டி. மாணவர்கள், எஞ்சியிருக்கும் தறிக்காரர்களிடம் இப்போதே வந்து உட்காரவேண்டும். தறிக்காரர்களின் யோசனைக்கு உரிய ஊதியத்தையும் ஆய்வுச் செலவில் சேர்த்தே கணக்கிடவேண்டும்.