பொற்றட்டில் ஏறாத தமிழ்
(பள்ளி அறிவியல் மன்றப் பொழிவு)



மாந்தன் படைத்தவற்றுள் மிகத் தொலைவிற் சென்றுகொண்டிருப்பது வாயேசர் 1 என்னும் ஆளில்லா விண்கலம். அஃது ஏவப்பெற்ற நாள் 1977 செபுதம்பர் 5. அதன் இணைக்கலமாகிய வாயேசர் 2, அதற்கு முன்னரே ஆகசுட்டு 20-ஆம் நாள் புறப்பட்டது. இரண்டும் வியாழனையும் காரியையும் அணுகிக் கண்டன. இரண்டாம் கலம் யுரேனசு, நெப்தியூன் ஆகிய கோள்களையும் கண்டது. ஞாயிற்றினின்று வீசும் மின்துகட் காற்று ஒரு பெருங்குமிழிபோற் கோள்களையெல்லாம் சூழ்ந்துள்ளது. அக்குமிழியின் விளிம்பை முதற்கலம் 2012-லும், இரண்டாம் கலம் 2018-லும் கடந்தன.

முதற்கலம் இன்று 2,400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. 2023 நவம்பரில் அது பொருளற்ற குறிகளை அனுப்பத் தொடங்கிற்று. கணிப்பொறியின் நினைவகச் சில்லு ஒன்று பழுதுற்றதே கரணியம். அங்குச் சென்று சில்லை மாற்றுவார் யார்? பொறிஞர்கள் நிலவுலகில் இருந்தவாறே, அச்சில்லில் இருந்த ஆணைத்தொடரைக் கூறுகூறாகப் பிரித்து, நினைவகத்தின் வேறிடங்களில் அமைத்தனர். ஆணை சென்றுசேர இருபத்திரண்டரை மணி நேரம்; மறுமொழி வந்துசேர மீண்டும் அவ்வளவு நேரம். 2024 ஏப்பிரலில் கலம் மீண்டும் தெளிவுறப் பேசிற்று.

இவ்விரு கலங்களிலும் ஓரடி அகலமுள்ள, பொற்பூச்சிட்ட செப்புத்தட்டு ஒவ்வொன்று உண்டு. என்றேனும் வேற்றுலக உயிர்கள் கண்டெடுப்பின் மாந்த இனத்தை அறிந்துகொள்ளட்டும் என்று, வானியலறிஞர் கார்ல் சேகன் தலைமையிலான குழு அதனை உருவாக்கிற்று. நூற்றுக்கு மேற்பட்ட படங்கள், ஏறத்தாழ ஒன்றரை மணி நேர இசை, இடியோசை, காற்றோசை, இவற்றோடு 55 மொழிகளில் வாழ்த்துரைகளும் அதில் உள்ளன.

தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, மராட்டியும் ஒரியாவும் வங்காளமும் சிங்களமும் உண்டு. பேசுவாரற்று மறைந்த சுமேரியமும் அக்காடியமும்கூட உண்டு. தமிழ் இல்லை!

நெஞ்சு சுடுகின்றதன்றோ? ஆயினும் இதனை எவரது வஞ்சமென்றும் கொள்ளற்க. வாழ்த்துரைகளிற் பெரும்பாலானவை அமெரிக்கக் கார்னெல் பல்கலைக்கழகத்தில், குறுகிய காலத்திற்குள், ஆங்குக் கிடைத்த பேச்சாளரைக் கொண்டு பதிவு செய்யப்பெற்றவை. பிற மொழிகள் ஏறின என்று புழுங்குவது சிறுமை, மகிழ்வதே பெருமை. மொழியின் தொன்மை மட்டும் அதனைக் கலத்தில் ஏற்றிவிடாது. அறிவியல் நடக்கும் இடத்தில் அம்மொழியின் குரல் ஒலித்தல் வேண்டும் என்பதே இதனாற் பெறும் பாடம்.

தமிழால் இயலுமோ என்று ஐயுறுவார்க்கு மறுமொழி யாழ்ப்பாணத்தில் உண்டு. 1847-ல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிரீன் தமிழ் கற்றார். மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறும் அறுவை மருத்துவமும் தமிழ் நூல்களாக வெளிவரச் செய்தார். கடல் கடந்து வந்த ஒருவர்க்கு இயன்றது, தமிழைத் தாய்ப்பாலோடு பருகியவர்க்கு இயலாதோ?

இத்துணை நேரம் கூறிய விண்வெளிச் செய்தியில் எவ்விடத்தேனும் தமிழ் தடுமாறிற்றா? எண்ணிப் பாருங்கள். தடுமாறுவது மொழியன்று, நாப்பழக்கமே.

ஆதலின், மாணாக்கர்களே! இம்மன்றத்தின் கரும்பலகையில் கிழமைக்கொரு புதிய அறிவியற் செய்தியை நல்ல தமிழில் எழுதுங்கள். கலவைச் சொல் வந்தால் அழித்துவிட்டுத் தமிழ்ச்சொல் தேடுங்கள். கிடைக்கவில்லையெனில் ஆசிரியரோடு அமர்ந்து ஆக்குங்கள். எழுதியதை வீட்டில் அன்னைக்கும் பாட்டிக்கும் விளங்கச் சொல்லுங்கள். அவர்கட்கு விளங்கிற்றெனில், செய்தியும் மெய்யாகவே உங்களுக்கு விளங்கிற்று என்பது பொருள்.

பறந்துபோன கலங்களை மீட்டழைக்க வேண்டுவதில்லை. இனிப் புறப்படும் கலங்களுக்கு இன்றே அணியமாகுங்கள்!