கொன்றவர்கள் எல்லாரும் கண்ணியமானவர்கள்

(அதிராம்பட்டினத்தில் நடந்த வாசகர் சந்திப்பு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



அண்மையில் படித்த புத்தகங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் திறனாய்வாளன் அல்ல. படிக்கிறவன், அவ்வளவுதான். கடந்த ஓராண்டாக நான் படித்ததில் பாதி, நம் தஞ்சை மண்ணைப் பற்றிய புத்தகங்கள். சில நாவல்கள், சில ஆய்வுகள், ஒரு கட்டுரைத் தொகுப்பு. வேண்டுமென்று தேடி எடுத்தவை அல்ல, ஒன்று இன்னொன்றைக் கையில் கொடுத்தது. படித்து முடித்தபோது எல்லாவற்றையும் ஒரே கேள்வியைக் கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தது. சாதியின் பெயரால் கொடுமை செய்தவர்களை இந்தப் புத்தகங்கள் எப்படிப்பட்ட மனிதர்களாகக் காட்டுகின்றன? இதுதான் அந்தக் கேள்வி.

முதலில் இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’. 1977ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது பெற்ற நாவல். கீழ்வெண்மணியை வைத்து எழுதப்பட்டது. இங்கிருந்து முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி வழியாகக் காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் வெண்மணி போய்ச் சேர்ந்துவிடலாம். 1968 திசம்பர் 25ஆம் நாள் இரவு, அங்கே இராமையாவின் குடிசைக்குள் ஒளிந்திருந்த 44 பேர் உயிரோடு கொளுத்தப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி நெல்லைச் சற்று உயர்த்திக் கேட்டார்கள், செங்கொடியை இறக்க மறுத்தார்கள். நிலவுடைமையாளர்கள் வைத்திருந்த நெல் உற்பத்தியாளர் சங்கத்துக்குப் பணிய மறுத்தார்கள். அவர்கள் செய்த குற்றம் இவ்வளவுதான்.

நாவலை நான் முதலில் படித்தது இருபது வயதில். அப்போது உலுக்கிவிட்டது. இப்போது திரும்பப் படித்தேன். நடை இன்னும் வேகமாகத்தான் இருக்கிறது. தஞ்சையைப் பற்றி எழுதியவர்களில் எத்தனையோ பேர் காவிரியையும் கச்சேரியையும் காப்பியையும் தாண்டி வராத காலத்தில், இவர் வெண்மணியைத் தொட்டு எழுதினார். அந்தத் துணிச்சலுக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்த முறை ஒரு விசயம் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. நாவலில் வரும் பண்ணையார் ஆண்மைக் குறைபாடு உள்ளவர். அந்தத் தாழ்வுணர்ச்சிதான் அவருடைய கொடூரத்துக்கு ஊற்றாகக் காட்டப்படுகிறது. கதை நகர்வதோ டில்லியிலிருந்து வந்த படித்த இருவரின் கண் வழியாக, அவர்களுடைய விவாதங்களின் வழியாக. குடிசைக்குள் எரிந்தவர்கள் என்ன நினைத்தார்கள், எதை ஆசைப்பட்டார்கள் என்பது கடைசி வரை நமக்குத் தெரிவதில்லை.

உளவியல் பார்வை கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் இதன் பக்கத்தில் வெண்மணி வழக்கின் தீர்ப்பை வைத்துப் பாருங்கள். 1970இல் கீழமை நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்களை விடுதலை செய்தது. காரணம் என்ன சொன்னார்கள்? இவர்கள் நிறைய நிலம் உள்ள பணக்காரர்கள், கார் வைத்திருப்பவர்கள், இப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்தார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்ற பொருளில் சொன்னார்கள்.

நீதிமன்றம், இவ்வளவு பெரிய மனிதர்கள் இதைச் செய்திருக்க மாட்டார்கள் என்றது. நாவல், செய்தவர் முழு மனிதரே இல்லை, உடலில் குறையுள்ளவர் என்றது. இரண்டும் எதிரெதிர் திசையிலிருந்து வந்து ஓரிடத்தில் சந்திக்கின்றன. நல்ல உடல்நலத்தோடு, குடும்பத்தோடு, கோயில் காரியங்களில் முன்னால் நிற்கிற, ஊரே வணங்குகிற ஒருவர் இதைச் செய்வார் என்பதை ஏற்றுக்கொள்ள இரண்டுக்குமே மனம் வரவில்லை.

அதை ஏற்றுக்கொண்டு எழுதியவர் மைதிலி சிவராமன். ஐக்கிய நாடுகள் அவையில் வேலை பார்த்துவிட்டுத் தமிழ்நாட்டுக்குத் திரும்பியவர். கொலை நடந்த சிறிது காலத்திலேயே வெண்மணிக்குப் போய்ப் பார்த்தவர். தீர்ப்பு வந்த 1973ஆம் ஆண்டு அவர் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையின் தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘கீழ்வெண்மணியின் கனவான் கொலைகாரர்கள்’ என்று வரும். கனவான் என்ற அந்த ஒரு சொல் போதும். 2013இல் வந்த அவருடைய கட்டுரைத் தொகுப்பில் அதைப் படித்தேன். கூலி எவ்வளவு, நிலம் யாரிடம், சங்கம் எப்படி உருவானது, காவல்துறை எங்கே இருந்தது என்று அடுக்கிக்கொண்டே போகிறார். உணர்ச்சியைக் கொட்டவில்லை. கணக்குப் பிள்ளை மாதிரி எழுதுகிறார். படித்து முடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சோலை சுந்தரபெருமாளின் ‘செந்நெல்’ நாவலும் வெண்மணியைப் பற்றியதுதான். அவர் திருவாரூர்ப் பக்கத்துக்காரர், பள்ளி ஆசிரியராக இருந்தவர். களத்துமேட்டில் நெல் அளக்கும்போது என்ன பேசுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். வடிவத்தில் ‘குருதிப்புனல்’ அளவுக்குக் கச்சிதம் இல்லை. சில இடங்களில் இழுக்கிறது. இருந்தாலும் இரண்டில் ஒன்றைத்தான் என் மகளுக்குக் கொடுக்கலாம் என்றால் இதைத்தான் கொடுப்பேன். இதில் வேலை செய்கிறவர்களுக்குப் பேச்சு இருக்கிறது.

இந்த இடத்தில் என் அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாற்பது ஆண்டு நடவு நட்டவர். இந்தப் புத்தகங்களில் சில பகுதிகளை அவருக்கு வாசித்துக் காட்டினேன். வெண்மணியைக் கேட்டு அழுதார். பிறகு, தான் வேலை செய்த பண்ணையைப் பற்றிச் சொன்னார். ‘அவரு நல்ல மனுசன்டா. கொட்டாங்கச்சியிலதான் ஊத்துவாங்க, ஆனா வயிறு நெறைய ஊத்துவாங்க.’ தீபாவளிக்குப் புடவை கொடுத்ததையும், காய்ச்சலில் கிடந்தபோது மருந்துக்குப் பணம் அனுப்பியதையும் சொன்னார். அந்த மனிதர் யாரையும் அடித்ததில்லையாம். அந்த வீட்டுச் சிறு பிள்ளைகள் என் அம்மாவைப் பேர் சொல்லித்தான் கூப்பிடும். அம்மா அந்தப் பிள்ளைகளைச் ‘சின்னய்யா’ என்பார். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். அந்த நல்ல மனிதரை எந்த நாவலில் போய்த் தேடுவது? தீ வைத்த ஆளை எழுதிவிடலாம். கொட்டாங்கச்சியில் வயிறு நிறைய ஊற்றிய கையை எழுதுவதுதான் கடினம்.

ஆய்வு நூல்களில் கிடைக்குமா என்று பார்த்தேன். ஆந்த்ரே பெத்தேயின் ‘சாதி, வர்க்கம், அதிகாரம்’ 1965இல் வந்தது. தஞ்சை மாவட்டத்து ஊர் ஒன்றுக்கு ‘ஸ்ரீபுரம்’ என்று புனைபெயர் கொடுத்து எழுதிய நூல். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகப் படித்தேன். நிலம் எப்படிக் கைமாறுகிறது, பஞ்சாயத்து அதிகாரம் அக்கிரகாரத்தை விட்டு எப்படி நகர்கிறது என்பதையெல்லாம் தெளிவாகக் காட்டுகிறார். ஆனால் அவர் தங்கியிருந்ததே அக்கிரகாரத்தில். அதனால் சேரிக்குள் இயல்பாகப் போய்வர முடியவில்லை, அங்கிருந்து கிடைத்த விவரம் குறைவு என்பதை அவரே நேர்மையாக எழுதியிருக்கிறார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. ஓர் ஊரை ஆராய வந்த அறிஞரையே ஒரு தெரு இன்னொரு தெருவுக்குள் விடவில்லை! அந்த நூலில் சாதியைப் பற்றி நான் கற்றுக்கொண்ட முதல் செய்தி இதுதான்.

காத்தலீன் கஃப் 1951 முதல் 1953 வரை தஞ்சை ஊர்களில் தங்கி ஆய்வு செய்தவர். 1976இல் திரும்பி வந்து பார்த்தார். அவருடைய இரண்டு நூல்களும் 1981லும் 1989லும் வந்தன. பெரிய நூல்கள். நான் இன்னும் முழுதாக முடிக்கவில்லை, முடித்த பிறகு தனியாகப் பேசலாம்.

அடுத்தது கே.டானியல். யாழ்ப்பாணத்துக்காரர். அவரை ஏன் இங்கே இழுக்கிறேன் என்றால், அவர் நம் மண்ணில்தான் கிடக்கிறார். 1986 மார்ச்சில் தஞ்சாவூரில் இறந்தார், அங்கேயே அடக்கம் செய்தார்கள். தஞ்சாவூருக்குப் போனால் பெரிய கோயிலைப் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை. ஈழத்தின் தலித் இலக்கிய முன்னோடி ஒருவர் அதே ஊரில் புதைக்கப்பட்டிருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அவருடைய ‘பஞ்சமர்’ தேநீர்க்கடைக்குள், கோயிலுக்குள், கிணற்றடிக்குள் நுழைவதற்காக யாழ்ப்பாணத்தில் நடந்த போராட்டங்களின் காலத்து நாவல். அந்தப் போராட்டங்களில் டானியல் தானே நின்றவர். அவருடைய எழுத்தில் கலை நயம் குறைவு என்று சொன்னவர்கள் உண்டு. இருக்கட்டும். அவருடைய மேல்சாதிப் பாத்திரங்கள் படித்தவர்கள், சைவ ஆசாரம் பார்க்கிறவர்கள், ஊரில் பேர் உள்ளவர்கள். அந்த மரியாதைப்பட்டவர்கள்தான் கிணற்றடியில் தடுத்து நிற்கிறார்கள். அவர்களுக்கு நோய் எதுவும் தேவைப்படவில்லை. ‘தண்ணீர்’ என்று ஒரு நாவலே எழுதியிருக்கிறார். குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த வேங்கைவயல், நமக்குப் பக்கத்து மாவட்டம்தான். அது 2022 திசம்பரில் வெளியே வந்தபோது, ‘யாரோ மனநிலை சரியில்லாதவன் செய்திருப்பான்’ என்று என்னிடம் சொன்னவர் நன்கு படித்த ஒரு நண்பர். பழையபடி அதே சமாதானம்.

டானியலின் ‘கானல்’ மதம் மாறியவர்களின் கதை. சாதியிலிருந்து தப்பிக்கக் கிறித்தவத்துக்குப் போகிறார்கள். பேரைப் பார்த்தாலே முடிவு தெரியும். அதைப் படித்துவிட்டு, இந்த ஊர் நண்பர் ஒருவரிடம் கொஞ்சம் சீண்டலாகவே சொன்னேன்: ‘உங்கள் மார்க்கத்தில் இந்தச் சிக்கல் இல்லை, நிம்மதி.’ அவர் சிரித்தார். மறுநாள் தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யைக் கொண்டுவந்து கொடுத்தார். குமரி மாவட்டக் கடலோர ஊர் ஒன்றின் கதை. ஊர்ப் பெரிய வீட்டு முதலாளி வைத்ததே சட்டம். பள்ளிவாசலும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. ஊரில் ஆங்கிலப் பள்ளி வருவது பொறுக்கவில்லை. அவரை எதிர்த்து நிற்பவர் சுறாப்பீலி வாங்கி விற்கும் ஓர் எளிய மனிதர். தொழுகையில் தோளோடு தோள் நிற்கிறவர்கள், வெளியே வந்ததும் யார் யார் எங்கே உட்கார வேண்டும் என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த நண்பர் கேட்டார்: ‘வரிசையில சேர்ந்து நிக்கிறோம், ஒரே தட்டுல சோறு திங்கிறோம். எல்லா வீட்டுக்கும் பொண்ணு குடுக்குறோமா?’ அவர் அவருடைய வீட்டைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது. நான் அதை எடுத்துக்கொண்டு அவர்களைக் குத்தப் போவதில்லை. அம்மாவுக்குக் கொட்டாங்கச்சியில் ஊற்றியவர்கள் இந்த மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கேள்வியை நம் தெருவுக்குள்ளும் கேட்டாக வேண்டும். பட்டியல் சாதிகளுக்குள்ளேயே ஒருவர் வீட்டில் ஒருவர் பெண் எடுக்காமல்தானே இருக்கிறோம்?

பெண் என்று வந்ததால் கடைசியாக ஒரு புத்தகம். இமையத்தின் ‘பெத்தவன்’. 2012இல் வந்த நெடுங்கதை. தாழ்த்தப்பட்ட சாதி இளைஞனைக் காதலிக்கும் மகளைக் கொன்றுவிடும்படி ஊர்க்கூட்டம் ஒரு தகப்பனுக்குக் கட்டளையிடுகிறது. கூட்டத்தில் இருப்பவர்கள் ரௌடிகள் அல்லர். உறவுக்காரர்கள், அக்கம்பக்கத்தார், வயதானவர்கள். எப்படிச் செய்யலாம் என்று அக்கறையோடு யோசனை சொல்கிறார்கள், ஏதோ கல்யாணத்துக்குப் பந்தல் போடுவதைப் பற்றிப் பேசுவது போல. அந்த முதல் பக்கங்களைப் படிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

2024 தொடக்கத்தில் நம் பட்டுக்கோட்டைப் பக்கம் என்ன நடந்தது என்பது இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும். தாழ்த்தப்பட்ட சமூகத்து இளைஞரை மணந்துகொண்ட ஓர் இளம்பெண் கொல்லப்பட்டார். பெற்றோர் கைது செய்யப்பட்டார்கள். பேர்களைச் சொல்ல விரும்பவில்லை. அதன் பிறகு பேருந்திலும் தேநீர்க்கடையிலும் நான் கேட்ட பேச்சுகளைத்தான் சொல்கிறேன். ‘பாவம், பெத்தவங்களுக்கு எவ்வளவு வேதனை இருந்திருக்கும்’ என்றார் ஒருவர். ‘ஆத்திரத்துல புத்தி மாறிடுச்சு’ என்றார் இன்னொருவர். புத்தி மாறியதாம்! அந்தப் பேச்சு எல்லாம் ஏற்கெனவே எனக்குத் தெரிந்ததாக இருந்தது. இமையம் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு முன்பே எழுதி வைத்திருந்தார்.

இந்தக் கதையில் வரும் தகப்பன் என்ன முடிவெடுக்கிறார் என்பதைச் சொல்ல மாட்டேன். சின்னப் புத்தகம், ஒரு மாலைப் பொழுதில் முடித்துவிடலாம். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள், அண்ணன் தம்பிகள் முதலில் படியுங்கள். என்னிடம் இருக்கிற ஒரு படியை இங்கே மேசை மேல் வைத்துவிட்டுப் போகிறேன். பின் அட்டையில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். எடுத்துப் போகிறவர் அதில் பேரை எழுதிவிட்டு, படித்து முடித்ததும் அடுத்த தெருவில் இருக்கிற ஒருவரிடம் கொடுங்கள், உங்கள் தெருவில் இருப்பவரிடம் வேண்டாம். அடுத்த சந்திப்பில் அந்தத் தாளில் எத்தனை பேர், எந்தெந்தத் தெரு என்று பார்ப்போம்.