எது நமது ஊர்?

(பொல்பிட்டியவில் நிகழ்த்திய உரை)



"உமக்கு எந்த ஊர்?" என்று கேட்டால் மற்றவர்கள் நொடியில் விடை கூறிவிடுகின்றனர். நாம் மட்டும் தயங்குகிறோம். பாட்டன் சொன்ன ஊர் கடலுக்கு அப்பால் இருக்கிறது. நாம் பிறந்த ஊர் காலடியில் இருக்கிறது. இரண்டும் நெஞ்சில் நிற்கின்றன. இது குற்றமா என்பதே இன்று நாம் எழுப்பும் கேள்வி.

1823 முதல் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து நம் முன்னோர் 'கண்டிச் சீமை'க்கு வந்தனர். பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் துரத்தின. கங்காணியின் வாக்கு இழுத்தது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். நோய்க்கும் பசிக்கும் வழியிலேயே இரையானோர் பலர். எஞ்சியோர் காடு வெட்டிக் கோப்பி நட்டனர். கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலை நட்டனர்.

அவர்கள் ஊரை மறக்கவில்லை. காமன் கூத்தும் பொன்னர் சங்கர் கதையும் அருச்சுனன் தபசும் அவர்களோடு மலையேறின. லயத்தின் அருகே கல் நட்டு மாரியம்மன் என்றனர். துரை சூட்டிய ஆங்கிலப் பெயர் நாவில் நிற்காத தோட்டங்களுக்குத் தாமே தமிழ்ப் பெயர் சூட்டினர். ஏக்கத்தால் அழுது மாய்ந்தவர்கள் அல்லர் நம் முன்னோர். அந்த ஏக்கத்தையே கல்லாகவும் மண்ணாகவும் கொண்டு இங்கே ஊர் அமைத்தவர்கள்!

ஆனால் அந்த ஏக்கமே நம்மீது குற்றச்சாட்டாக எழுந்தது. "இவர்கள் உடல் இங்கே, உள்ளம் இந்தியாவில், இந்நாட்டில் இவர்களுக்கு நிலையான பற்று இல்லை" என்றனர். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் நம்மில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. ஊரை நினைத்ததற்குத் தண்டனை, நாட்டை இழப்பது!

1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தனர். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றனர். 1974இல் அவர்களையும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டனர். பங்கிடப்பட்டோரின் விருப்பத்தைக் கேட்டு எழுதிய கணக்கன்று அது.

கப்பலேறியவர்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயரிட்டனர். பிறந்த மண்ணை விட்டுப் போகிறவனைத் திரும்புகிறவன் என்று அழைப்பது எந்த நியாயம்? கூடலூரிலும் கோத்தகிரியிலும் மீண்டும் தேயிலைச் செடிகளுக்கிடையே நின்றனர். அங்கே அவர்கள் 'சிலோன்காரர்' ஆயினர். இங்கே இந்தியர், அங்கே சிலோன்காரர்! பாட்டன் புதுக்கோட்டையை நினைத்து ஏங்கினான். பேரன் நீலகிரிப் பனியில் நின்று மஸ்கெலியாவை நினைத்து ஏங்கினான்.

படித்த பெருமக்களே! இன்று இலண்டனிலும் டொரன்டோவிலும் தமிழ் மருத்துவர்களும் பொறியியலாளர்களும் வாழ்கின்றனர். பொங்கல் வைக்கின்றனர், பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கின்றனர், ஊரை எண்ணிக் கண் கலங்குகின்றனர். அதனால் அவர்கள் அந்நாட்டின் குடிமக்களாக இருக்கத் தகுதியற்றவர் என்று நீங்கள் ஒப்புவீர்களா? அவர்களுக்கு ஒரு நீதி, கொழுந்து பறிக்கும் தாய்க்கு ஒரு நீதியா?

உழவர் பெருமக்களே! நாற்றங்காலில் முளைத்த பயிர், நடவு வயலில் வேர் பிடித்துத்தான் கதிர் விடுகிறது. "இது வேறிடத்து நாற்று" என்று அறுவடை நாளில் அதைப் பிடுங்கி எறியும் உழவன் உண்டா?

இந்த மலைநாட்டு நீரைப் பாருங்கள். கெஹெல்கமு ஓயா ஒரு பக்கம், மஸ்கெலி ஓயா ஒரு பக்கம். இரண்டும் கூடினால் களனி கங்கை. கொழும்பு வரை செல்லும் அந்த ஆற்றை நோக்கி, "நீ எந்த ஓடை?" என்று எவரும் கேட்பதில்லை. 1969 முதல் இந்தப் பொல்பிட்டிய மின்நிலையம் தரும் ஒளியும் ஓடையின் பெயர் கேட்டு எரிவதில்லை.

1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் நாடற்றோர் என்ற இழிவு துடைக்கப்பட்டது. குடியுரிமை வந்தது, குடியிருக்கும் நிலம் வந்ததா? இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நம்மில் பலர் தோட்டத்துக்குச் சொந்தமான லயத்து அறையிலேதான் வாழ்கின்றனர். கையில் உறுதிப் பத்திரம் இல்லை. முன்னோரைப் புதைத்த மண் நமக்கு உண்டு. மூத்த மகனுக்கு எழுதி வைக்க ஒரு துண்டு மண் இல்லை!

ஆகவே நாம் கேட்பது இரக்கமன்று. வீடு கட்ட நிலமும், அந்நிலத்துக்கு உறுதியும், கடிதம் நேரே வந்து சேர முகவரியும் கேட்கிறோம். பாட்டனின் ஊரை நாம் மறக்க மாட்டோம். மறந்தால்தான் இந்நாட்டவர் என்ற நிபந்தனையையும் ஏற்க மாட்டோம். நாளை நம் பிள்ளையிடம் "உனக்கு எந்த ஊர்?" என்று ஒருவர் கேட்டால், தயங்காமல், தலை நிமிர்ந்து, தன் வீட்டு வாசலைக் காட்டி அவன் விடை கூற வேண்டும். அந்த வாசலுக்காகவே ஒன்றுபடுவோம்!